டோட்டல்மா

தப்பு என்னுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதிக் கதை கேட்டுவிட்டு, "ஐயோ பாவம், இவளும் என்னதான் செய்வா" என்று எனக்காக யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம். எனக்கு அது பிடிக்காது. இது என் கதையும் இல்லை. என்னோடு மூணே முக்கால் வருஷம் ஒரே அறையில் இருந்து, மீதிக் கால் வருஷத்தை என்னால் தொலைத்த ஒருத்தியின் கதை.

அவளுக்கு வகுப்பில் நாங்கள் வைத்த பேர் சித்தப்பா. பொம்பளைப் பிள்ளைக்கு இப்படியும் ஒரு பேரா என்றால், அதற்கு ஒரு சிவப்பு கறுப்பு மரம்தான் காரணம்.

இரண்டாம் வருஷம். விரிவுரையாளர் பலகையில் ஒரு மரம் வரைந்தார். கம்ப்யூட்டர்காரர்களின் மரம் தலைகீழாக நிற்கும், வேர் மேலே, கிளை கீழே. கிளை முனையெல்லாம் வட்டம். சில வட்டம் சிவப்பு, சில கறுப்பு. வட்டங்களுக்கு உறவு உண்டு. மேலே இருப்பது பேரன்ட், கீழே இருப்பது சைல்ட், பேரன்ட்டோடு கூடப் பிறந்தது அங்கிள். புதிதாக ஒரு வட்டம் சேர்க்கும்போது அங்கிள் என்ன நிறம் என்று பார்த்துக்கொண்டு மரத்தை இடமோ வலமோ திருப்ப வேண்டும் என்றார். கடைசி பெஞ்சிலிருந்து இவள் எழுந்தாள்.

"சார், அங்கிள்னா சித்தப்பாவா, பெரியப்பாவா?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. சந்தேகம் வந்துவிட்டால் அவளுக்குச் சிரிப்பு வராது.

"இல்ல சார், அப்பாவுக்கு இடது பக்கம் இருந்தா முன்னாடி பொறந்தவர், பெரியப்பா. வலது பக்கம்னா சித்தப்பா. ரெண்டுக்கும் வேற வேற பக்கம் திருப்பணும்னு நீங்கதானே சொன்னீங்க? நம்ம முறையில பேர் வெச்சுட்டா எந்தப் பக்கம்னு பேர்லயே தெரிஞ்சிடும். குழப்பமே இல்ல சார்."

விரிவுரையாளர் சாக்பீஸை வைத்துவிட்டு அவளையே பார்த்தார். "யாரா வேணா இருக்கட்டும்மா. சிவப்பா கறுப்பான்னு மட்டும் பாரு."

"பொண்ணு பாக்கப் போற மாதிரியே சொல்றீங்க சார்," என்றான் பின்னாலிருந்து ஒருத்தன். அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் அவள் சித்தப்பா ஆகிவிட்டாள். "சித்தப்பா குளிக்கப் போயிருக்கா," "சித்தப்பாவோட துப்பட்டா கொடியில கிடக்கு" என்று விடுதி முழுக்க ஒரே கூத்து.

ஆனால் அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அன்றைக்கு அவள் கம்ப்யூட்டருக்கு எழுதிய நிரல்தான் முதலில் ஓடியது. அவள் நிரலைத் திறந்தால் ஒரு கூட்டுக் குடும்பமே உள்ளே இருக்கும். வரிசையில் முன்னால் இருப்பது அக்கா, பின்னால் இருப்பது தங்கச்சி, எல்லோரையும் கட்டி மேய்ப்பது பாட்டி. எல்லாம் ஆங்கில எழுத்தில், நம் வார்த்தையில். இரண்டு எண்களை இடம் மாற்ற வேண்டுமென்றால் மூன்றாவதாக ஒரு பெட்டி வேண்டும். ஒன்றை அதில் தற்காலிகமாக வைத்துவிட்டுத்தான் மற்றதை நகர்த்த முடியும். அந்தப் பெட்டிக்கு உலகமெல்லாம் டெம்ப் என்று பேர் வைக்கும். இவள் வைத்த பேர் சும்மா.

"ஏண்டி சும்மா?" என்று கேட்டேன்.

"அது தனக்குன்னு ஒண்ணும் செய்யாது. சும்மா கொஞ்ச நேரம் வெச்சிருக்கும். கேட்டா குடுத்துடும். வேற என்ன பேர் வைக்கச் சொல்ற?"

அந்தச் 'சும்மா'வைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அவள் அப்பா லிஃப்ட் மெக்கானிக். அடுக்குமாடிகளிலும் அலுவலகங்களிலும் லிஃப்ட் நின்றுபோனால் அவருக்குத்தான் போன் வரும். அம்மா ஆஸ்பத்திரி சலவைப் பகுதியில் வேலை, நாள் முழுக்க வெந்நீரும் வெள்ளைத் துணியும்தான். அப்பா சர்வீஸ் செய்துவிட்டு எழுதும் தாள்களின் பின்பக்கம்தான் இவளுக்கு ரஃப் நோட்டு. ஒரு பக்கம் "மூன்றாம் மாடிக் கதவு உரசுகிறது, சரிசெய்யப்பட்டது" என்று இருக்கும். திருப்பினால் இவள் வரைந்த மரம் தலைகீழாக நிற்கும். படிப்பு முடிந்ததும் லிஃப்ட் கம்பெனியில் சேர்ந்து, அப்பா கழுத்து ஒடிய மேலே பார்த்துக் கண்டுபிடிக்கும் கோளாறை உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்லும் நிரல் எழுத வேண்டும். அதற்கு அவளுக்குப் பட்டம் வேண்டும். அவளுக்கு இருந்தது இந்த ஒரே ஆசை. அதை ஊர் உலகத்துக்கெல்லாம் சொல்லிக்கொண்டும் திரிவாள்.

என் விஷயம் வேறு. என் அப்பா பஸ் டிரைவர். "பொண்ணு கம்ப்யூட்டர் படிக்குது" என்று கண்டக்டரிலிருந்து கடைசி சீட்டுக்காரர் வரை சொல்லிவைத்திருந்தார். பொண்ணுக்கோ அது மண்டையில் ஏறவே இல்லை. முதல் வருஷமே இரண்டு பாடத்தில் கோட்டை விட்டேன். இவள்தான் என்னைக் கரையேற்றினாள். குளியலறை வாசலில் வாளி வைத்து இடம் பிடிப்போம் அல்லவா, அந்த வாளி வரிசையைக் காட்டி ஒரு பாடம். கழுவிக் கவிழ்த்த தட்டு அடுக்கைக் காட்டி இன்னொரு பாடம். எனக்குப் புரியும்வரை விடமாட்டாள். "புரிஞ்சிடுச்சு விடுடி" என்று பொய் சொன்னால், "எங்க, எனக்குச் சொல்லு பாப்போம்" என்று எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வாள். எரிச்சலாக வரும். ஆனால் அப்படித்தான் பாஸானேன்.

அவளுக்கு ஏற்கெனவே ஒரு கரும்புள்ளி இருந்தது. இரண்டாம் வருஷம் வகுப்பில் ஒல்லி என்று ஒருத்தன் வந்து கண்ணைக் கசக்கினான் என்று தன் நிரலைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். அவன் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் அப்படியே அனுப்பிவைத்தான், மகராசன். பல்கலைக்கழகத்தில் ஒரு மென்பொருள் உண்டு. எல்லோருடைய நிரலையும் ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்க்கும். பேரை மாற்றினாலும் உள்ளே எலும்புக்கூடு ஒன்றாக இருந்தால் பிடித்துவிடும். இருவரும் மாட்டினார்கள். கொடுத்ததும் குற்றம், எடுத்ததும் குற்றம். எச்சரிக்கைத் தாளில் கையெழுத்து வாங்கும்போது அலுவலக கிளார்க் அவளிடம், "பாத்து இரும்மா, இன்னொரு தடவைன்னா பேரையே எடுத்துடுவாங்க" என்றாராம். அன்றிலிருந்து யார் கேட்டாலும் விளக்கிச் சொல்வாள், வாய் வலிக்கச் சொல்வாள், நிரலை மட்டும் காட்டமாட்டாள். எனக்கும் சேர்த்துத்தான்.

நாலாம் வருஷம் கடைசிப் பருவம். தனித்தனியாக ஆளுக்கொரு நிரல் எழுத வேண்டும். தலைப்பு வந்ததும் அவள் கட்டிலில் எகிறிக் குதித்தாள். ஒரு கட்டிடம், பன்னிரண்டு மாடி, நாலு லிஃப்ட். யார் எந்த மாடியில் பட்டன் அழுத்தினால் எந்த லிஃப்ட் போனால் காத்திருக்கும் நேரம் குறையும்? "எங்கப்பாவுக்குன்னே குடுத்த மாதிரி இருக்குடி!" என்றாள். இரண்டு வாரம் அவள் கால் தரையில் படவில்லை. அப்பாவுக்குப் போன் போட்டு, கதவு எத்தனை விநாடி திறந்திருக்கும், ஆள் நிறைந்தால் எப்படித் தெரியும் என்று பிடுங்கி எடுத்தாள். எனக்கும் எல்லாவற்றையும் சொல்லிச் சொல்லி, எந்தச் சந்தில் கேட்டாலும் நான் ஒப்பிக்கும் நிலைக்கு வந்துவிட்டேன்.

ஒப்பிக்கலாம். எழுத வரவேண்டுமே! என் லிஃப்ட் மூன்றாம் மாடியில் நின்றுகொண்டு கதவைத் திறந்து திறந்து மூடியது. நான் அந்தப் பக்கம் திருகினால் கூரையைப் பிய்த்துக்கொண்டு பதிமூன்றாம் மாடிக்குப் போனது. எனக்கு ஒரு கம்பெனியில் வேலை உறுதியாகியிருந்தது. இனி ஒரு பாடத்தில்கூட தவறக்கூடாது என்பது ஒப்பந்தம். அப்பா அதையும் பஸ் முழுக்கச் சொல்லிவிட்டிருந்தார்.

கடைசி நாள். பகல் பன்னிரண்டுக்குள் அனுப்ப வேண்டும். அவள் காலை ஒன்பதரைக்கே அனுப்பிவிட்டு, "அப்பாடா!" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு குளிக்கப் போனாள். அவள் லேப்டாப் கட்டிலில் திறந்தபடி கிடந்தது.

கை நடுங்கியது என்றெல்லாம் சொல்லமாட்டேன். நடுங்கவே இல்லை. பென் டிரைவில் எடுத்துக்கொண்டு என் கட்டிலுக்கு வந்தேன். பன்னிரண்டு மணிக்குள் அந்தக் கூட்டுக் குடும்பத்தையே காலி செய்ய வேண்டும். ஒரு சொல்லைக் கொடுத்து, இன்னொரு சொல்லால் எல்லா இடத்திலும் மாற்று என்றால் கம்ப்யூட்டர் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிடும். அக்காவை மாற்றினேன், தங்கச்சியை மாற்றினேன், பாட்டியை மாற்றினேன். காத்திருந்த விநாடிகளைக் கூட்டி வைக்கும் பெட்டிக்கு அவள் 'சம்' என்று பேர் வைத்திருந்தாள், எஸ், யு, எம். அதை 'டோட்டல்' என்று மாற்றினேன். கடைசியாகச் 'சும்மா'வைத் தேடினேன். இல்லை என்றது. நல்லதாகப் போயிற்று, இந்த முறை அவள் சும்மா வைக்கவில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். ஓட்டிப் பார்த்தேன். லிஃப்ட் ஜோராக ஏறி இறங்கியது. அனுப்பினேன்.

மொத்தமாகப் பேரை மாற்றிவிட்டால் அந்த மென்பொருள் ஏமாந்துவிடும் என்று நம்பிய கடைசி முட்டாள் நானாகத்தான் இருப்பேன். அதிலும் நடுவில் இரண்டு இடத்தில் வரிகளை முன்பின்னாகப் போட்டுவிட்டு, அதனால் தப்பிவிடுவேன் என்று வேறு நினைத்தேன். நாலாவது நாள் இருவருக்கும் மின்னஞ்சல் வந்தது. தொண்ணூற்று நாலு விழுக்காடு ஒன்றே. எட்டு நாள் கழித்து விசாரணை.

அந்த எட்டு நாளும் அவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நீ எடுத்தியாடி?" என்று கேட்டிருக்கலாம். செருப்பைக் கழற்றியிருக்கலாம். பக்கத்து அறைப் பெண்கள் வந்து, "யார் வேலைன்னு தெரிஞ்சா சும்மா விடாத" என்று ஏற்றிவிட்டார்கள். அவள் கட்டிலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான் உனக்கு ரொம்ப விளக்கிச் சொல்லிட்டேன்ல? அதான் ரெண்டு பேர் மண்டையும் ஒரே மாதிரி யோசிச்சிருக்கு," என்றாள்.

"ஆமாடி, அப்படித்தான் இருக்கும்," என்றேன் நான். அவள் எனக்காகத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்த பொய்யைக்கூட நான் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அப்பாவிடம் சொல்லவும் இல்லை. போன் வந்தால் வராந்தாவுக்குப் போய், "நல்லா ஓடுச்சுப்பா, நாலு லிஃப்ட்டும் ஓடுச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு வருவாள். நான் ஒவ்வொரு காலையும் இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன் என்று எழுந்தேன். ஒவ்வொரு காலையும் என் அப்பாவின் பஸ் மண்டைக்குள் ஓடியது. சொல்லவில்லை.

விசாரணை ஒரு நீள மேசை அறையில் நடந்தது. மூன்று பேர். நடுவில் தலைவர், வேறு துறைப் பேராசிரியர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவைத்துக்கொண்டு பேசுகிறவர். முதலில் தனித்தனியாக எங்கள் நிரலை விளக்கச் சொன்னார்கள். அவள் விளக்கினாள். நானும் விளக்கினேன், அவள் சொல்லிக்கொடுத்ததை அவள் சொல்லிக்கொடுத்தபடியே. அப்புறம் இருவரையும் ஒன்றாக உட்கார வைத்தார்கள்.

"ரெண்டு பேருக்குமே தெரிஞ்சிருக்கு. எது யாருதுன்னு எங்களால சொல்ல முடியல," என்றார் தலைவர். "விதி என்னன்னு கேட்டுக்கோங்க. ஒருத்தருக்குத் தெரியாம இன்னொருத்தர் எடுத்திருந்தா, எடுத்தவங்க பேரை நீக்கிடுவோம். மத்தவங்களுக்கு ஒண்ணுமில்ல. அது நிரூபணம் ஆகலேன்னா, ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்சதுன்னு அர்த்தம். ரெண்டு பேருக்கும் இந்த நிரலுக்குப் பூஜ்யம்." கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தார். "ஆனா உனக்கு இது ரெண்டாவது தடவைம்மா. உனக்குப் பூஜ்யத்தோட நிக்காது. பேர் போயிடும். ஏதாவது சொல்லணும்னா இப்பவே சொல்லிடு."

பிறகு எங்கள் நிரல்களைத் தாளில் அச்செடுத்து, என்னுடையதை அவளிடமும் அவளுடையதை என்னிடமும் கொடுத்தார்கள். கால் மணி நேரம் தந்தார்கள். எனக்குத் தாளில் ஒரு எழுத்தும் தெரியவில்லை. அவள் படித்தாள். அவள் எப்போதும் படிக்கிற மாதிரி, ஒவ்வொரு வரிக்கும் கீழே விரல் வைத்து. முதல் பக்கம், இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம். நாலாம் பக்கத்தில் விரல் நின்றது.

தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். வாளி வரிசையைக் காட்டிப் பாடம் சொல்லிவிட்டு, "எங்க, எனக்குச் சொல்லு பாப்போம்" என்று எதிரில் உட்கார்ந்து பார்ப்பாளே, அந்தப் பார்வை. ரொம்ப நேரம் பார்த்தாள்.

"என்னம்மா, ஏதாவது இருக்கா?" என்றார் தலைவர்.

அவள் இன்னும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மேசையைப் பார்த்தேன்.

"ஒண்ணுமில்ல சார்," என்றாள்.

மூன்று நாளில் கடிதம் வந்துவிட்டது. அவள் பேர் நீக்கப்பட்டது. எனக்குப் பூஜ்யம், ஆனால் பிறகு வந்த எழுத்துத் தேர்வின் மதிப்பெண் என்னைத் தூக்கிவிட்டது. அந்தத் தேர்விலும் அவள் சொல்லிக்கொடுத்ததைத்தான் எழுதினேன்.

அவளைக் கூட்டிப்போக அவள் அப்பா வந்தார். வேலையிலிருந்து நேராக வந்திருந்தார் போலிருக்கிறது, தோளில் கருவிப் பை, சட்டையில் கிரீஸ் கறை. விடுதிக்குள் ஆண்களை விடமாட்டார்கள் என்பதால் பெட்டியை நானும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்தேன். அவள் பெட்டியை வைத்துவிட்டு, விட்டுப்போன வாளியை எடுக்க உள்ளே போனாள். அவர் என்னிடம் மெதுவாகப் பேசினார்.

"கரெண்டு போச்சுன்னாகூட லிஃப்ட்டு பாதியில நிக்காதும்மா. பக்கத்து மாடி வரைக்கும் கொண்டுபோய்க் கதவைத் திறந்துவிடுற மாதிரி ஒரு பேட்டரி இருக்கும். இங்க அப்படி ஒரு ஏற்பாடு இல்ல போலிருக்கு." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீயாவது நல்லபடியா முடிச்சிடும்மா. அவ உன்னைப் பத்திதான் சொல்லிட்டே இருப்பா."

நாக்கைப் பிடுங்கிக்கொண்டிருக்கலாம். "சரிங்க மாமா" என்றேன்.

அவள் வாளியோடு வந்தாள். "போயிட்டு வரேன்" என்றாள். வரமாட்டாள் என்று இருவருக்கும் தெரியும்.

அறைக்கு வந்து, விசாரணை முடிந்ததும் திருப்பிக் கொடுத்த என் நிரல் தாளைக் கிழித்துப் போடலாம் என்று எடுத்தேன். நாலாம் பக்கம் கண்ணில் பட்டது. அதில் ஒரு சொல் இருந்தது. டோட்டல்மா. நான் அப்படி ஒரு பேர் வைக்கவே இல்லையே என்று விழித்தேன். கீழே இன்னொன்று. மொத்தம் பதினோரு டோட்டல்மா. அப்புறம்தான் உறைத்தது. ஆங்கிலத்தில் சும்மாவின் முதல் மூன்று எழுத்து என்ன? எஸ், யு, எம். 'சம்' எல்லாவற்றையும் 'டோட்டல்' ஆக்கு என்றேன் அல்லவா, கம்ப்யூட்டர் சும்மாவுக்குள் இருந்த சம்மையும் டோட்டல் ஆக்கிவிட்டது. பின்னால் தொங்கிய 'மா' அப்படியே நின்றது. அதனால்தான் அப்புறம் தேடியபோது சும்மா கிடைக்கவில்லை.

உலகத்தில் யாரும் ஒரு பெட்டிக்கு டோட்டல்மா என்று பேர் வைக்கமாட்டார்கள். சும்மா என்று முதலில் ஒருத்தி எழுதியிருந்தால் ஒழிய அந்தச் சொல் பிறக்கவே பிறக்காது. எது அசல், எது திருட்டு என்று அந்த ஒரு சொல்லே கத்திச் சொல்கிறது. அவள் விரல் நின்றது நாலாம் பக்கத்தில். இல்லை, அவள் கவனித்திருக்க மாட்டாள், கவனித்திருந்தால் சொல்லியிருப்பாளே, பேர் போகிற நேரத்தில் யார் சும்மா இருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாலு வருஷம் அதையே சொல்லிக்கொண்டேன்.

அந்த நாலு வருஷத்தில் ஒரு கடிதம் எழுதினேன். நான்தான் எடுத்தேன், அவளுக்குத் தெரியாது என்று பல்கலைக்கழகத்துக்கு. கையெழுத்தும் போட்டேன். எழுதியது வேலையில் சேர்ந்த முதல் வருஷம். அனுப்பவில்லை. வேலை நிரந்தரம் ஆகட்டும் என்றேன். அப்பா ஓய்வு பெறட்டும் என்றேன். கைப்பையை மாற்றும்போதெல்லாம் கடிதமும் பைக்குப் பை மாறியது. மடிப்பில் நைந்துபோயிற்று.

போன மாதம் எங்கள் ஆபீஸ் லிஃப்ட் நின்றுபோனது. மெக்கானிக் வந்தார். கழுத்தை ஒடித்து மேலே பார்த்துக்கொண்டிருந்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீ நம்ம பொண்ணுகூட ரூம்ல இருந்த பொண்ணுதானே? அட, இங்கதான் வேலை பாக்குறியா? ரொம்ப சந்தோஷம்மா!" முகமெல்லாம் சிரிப்பு. ஒரு சர்வீஸ் தாளின் பின்பக்கத்தில் அவள் கடை விலாசத்தை எழுதிக் கொடுத்தார். "போய்ப் பாரு. உன்னைப் பாத்தா குதிப்பா."

அவருக்கு இன்னும் தெரியாது. அவள் வீட்டில்கூடச் சொல்லவில்லை. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. மறுநாளே லீவு போட்டுவிட்டுப் போனேன்.

அரசு அலுவலகம் ஒன்றுக்கு எதிரே, ஒரு ஆள் அகலத்துக்கு ஒரு கடை. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின். எல்லா விண்ணப்பமும் கம்ப்யூட்டரில்தான் என்று ஆகிவிட்டதால், விவரம் தெரியாதவர்கள் வந்து உட்கார, இவள் கேட்டுக் கேட்டு நிரப்பிக் கொடுக்கிறாள். சலித்துக்கொள்ளாமல். "புரிஞ்சுதா? எங்க, எனக்குச் சொல்லுங்க" என்று ஒரு கிழவரிடம் சொல்லிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள்.

"ஏய்! என்னடி, என்ன திடீர்னு?"

வழியெல்லாம் எத்தனையோ பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன். ஆனால் அப்படிக் கேட்டால் நம் வாயில் வருவது ஒன்றுதானே. யோசிக்காமல் வந்துவிட்டது.

"சும்மாதான்," என்றேன்.

அவள் ஸ்டூலை என் பக்கம் தள்ளினாள். "சும்மாவா, டோட்டல்மாவா?"

ஸ்டூலில் உட்கார்ந்தேனா விழுந்தேனா தெரியாது. கிழவர் எழுந்து போனதும் கேட்டேன்.

"அன்னைக்கே பாத்துட்டியா?"

"நாலாம் பக்கம்."

"அப்புறம் ஏண்டி சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உன் பேர் போயிருக்காதே! நான் உனக்கு என்ன செஞ்சேன்னு என்னைக் காப்பாத்துன?" என் குரல் உயர்ந்துவிட்டது. அவள்மேலேயே கோபப்படுகிறேன், பாருங்கள் என் லட்சணத்தை.

"உன்னைக் காப்பாத்தவெல்லாம் இல்ல," என்றாள். "நீ சொல்லுவேன்னு பாத்துட்டு இருந்தேன்."

நான் கைப்பையைத் திறந்து கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். அவள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒவ்வொரு வரிக்கும் கீழே விரல் வைத்துப் படித்தாள். இரண்டு முறை படித்தாள்.

"இன்னைக்கே குடுத்துடலாம்டி. நானே நேர்ல போறேன். என் வேலை போனாப் போகட்டும். உனக்குத் திரும்ப இடம் குடுத்துடுவாங்கல்ல? ஒரு பருவம்தானே பாக்கி?"

"மறுவிசாரணை கேக்கறதுக்கு மூணு வருஷம்தான் டைம். விதி நாப்பத்தி ஒண்ணு," என்றாள். "மூணு வருஷம் தினமும் மெயில் பாத்தேன். போன வருஷம் முடிஞ்சு போச்சு."

எனக்கு அழுகை வந்தது. கடை என்றும் பார்க்காமல் அழுதேன். அவள் அழவில்லை. தண்ணீர் பாட்டிலை எடுத்து என் முன்னால் வைத்தாள். கடிதத்தை அதன் பழைய மடிப்பிலேயே மடித்து மேசை இழுப்பறையில் போட்டாள். உள்ளே அவள் அப்பாவின் சர்வீஸ் தாள்கள் ஒரு கட்டு இருந்தன.

அதற்குள் ஒரு அம்மா மகனின் சான்றிதழ்களோடு வந்து உட்கார்ந்துவிட்டார். இவள் திரும்பிக்கொண்டு கடகடவென்று தட்ட ஆரம்பித்தாள். மற்ற கடைகளில் அரை மணி பிடிக்கிற வேலை, ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. அதற்கென்று தானே ஒரு நிரல் எழுதி வைத்திருக்கிறாள். திரையின் ஓரத்தில் அது திறந்திருந்தது. அக்கா, தங்கச்சி, பாட்டி எல்லோரும் அப்படியே இருந்தார்கள். நடுவில் எங்கேயோ சும்மாவும் இருந்தது.

"அடேங்கப்பா, என்னா வேகம்! என்ன படிச்சிருக்கம்மா?" என்றார் அந்த அம்மா.

"கம்ப்யூட்டர்க்கா. மூணே முக்கால் வருஷம்."

"அதென்ன கணக்கு? மீதிக் கால் வருஷத்தை என்ன செஞ்ச?"

அவள் என் பக்கம் திரும்பவில்லை. அச்சாகி வந்த தாளை எடுத்து, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"சும்மா விட்டுட்டேன்க்கா."